நாலு குழாயில் ஒரு சண்டை

நான் கோபக்காரி. இதை ஒப்புக்கொள்வதில் என் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. மறுக்க வழியில்லை, அவ்வளவுதான். மற்ற பெண்கள் வீட்டுக்குள் கத்திவிட்டு, வாசலுக்கு வரும்போது முந்தானையைச் சரிசெய்துகொண்டு, ‘என்ன மதினி, சாப்பாடு ஆச்சா?’ என்று சிரித்துவிடலாம். எனக்கு அந்த வசதி போய்ப் பல வருடம் ஆகிறது. தேவாரத்தில் பாதி ஊர் என் கோபத்தைத் தன் காதால் கேட்டிருக்கிறது, அதுவும் நாலு கூம்பு ஒலிபெருக்கிக் குழாய் வழியாக. (மீதிப் பாதி, அன்றைக்குக் காற்று எதிர்ப்பக்கம் அடித்ததால் தப்பித்தது.)

இரண்டாயிரத்து மூன்று என்று நினைக்கிறேன். எனக்கு வயது இருபத்தெட்டு. ஊரில் ஒரு தனியார் தொடக்கப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். டீச்சர் என்று நிமிர்ந்து சொல்லிக்கொண்டாலும் வேலை ‘தற்காலிகம்’. மூன்று வருடமாகத் தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும், என்னை நிரந்தரம் செய்யச் சொல்லி ஒரு விண்ணப்பம் எழுதித் தலைமையாசிரியை சகுந்தலா டீச்சரிடம் கொடுப்பேன். அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிப் படித்துவிட்டு, “தாளாளர் கையெழுத்துப் போடணும்ல விஜயா? பாப்போம்” என்பார். பார்த்துக்கொண்டே இருந்தார். அந்தப் ‘பாப்போம்’ என்ற ஒரு சொல்லை நம்பி, வாரம் இரண்டு முறை அவர் வீட்டுக்கு இட்லி மாவு ஆட்டிக் கொடுத்தேன். காலேஜில் படித்த அவர் மகளின் ரெக்கார்டு நோட்டில் தவளையின் குடலை வரைந்தேன். (தவளைக்கு எங்கே குடல் வளைகிறது என்று இன்றைக்குத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன்.)

சகுந்தலா டீச்சர் பாட்டு எழுதுவார். எழுதுவதோடு விட்டால் பரவாயில்லை, பாடவும் செய்வார். ஆண்டுவிழாவில் பிள்ளைகள் ஆடும் அத்தனை நடனத்துக்கும் அவர் எழுதி, ஆர்மோனியம் வாசித்து, அவரே பாடிப் பதிந்த கேசட்தான். முந்தின வருடம் அந்தக் கேசட்டை மைக்செட்காரரின் டேப் தின்றுவிட்டது. பாட்டு பாதியில் ‘வ்வ்வ்’ என்று இழுத்து நின்றதும் பிள்ளைகள் தூக்கிய கையோடு அப்படியே நின்றன. சகுந்தலா டீச்சருக்கு அது பெரிய அவமானமாகிவிட்டது. அதனால் இந்த வருடம் இரண்டு உத்தரவு போட்டார். ஒன்று, பாட்டு என்ன ஆனாலும் பிள்ளைகள் ஆட்டத்தை நிறுத்தக் கூடாது, டீச்சர்கள் அப்படிப் பழக்க வேண்டும். இரண்டு, கேசட்டை சி.டி. ஆக்க வேண்டும். மைக்செட்காரர் புதிதாக ஒரு சி.டி. பெட்டி வாங்கியிருக்கிறாராம்.

“யார் வீட்லயாச்சும் கம்ப்யூட்டர் இருக்கா?” என்று கேட்டார்.

ஐந்து டீச்சர்கள் இருந்தோம். நாலு பேர் புத்திசாலிகள், வாயைத் திறக்கவில்லை.

“எங்க வீட்ல இருக்கு டீச்சர்” என்றேன். அதோடு விட்டேனா? “அரை மணி நேர வேலை டீச்சர். கேசட்ட அப்படியே சி.டி.யில ஏத்திரலாம்.” இந்த அரை மணி நேரக் கணக்கை எனக்குச் சொன்னது யார் என்று இன்றுவரை தெரியாது. அந்தக் கம்ப்யூட்டரை நான் அதுவரை தொட்டது, மேலே துணி மூடும்போது மட்டும்தான்.

கம்ப்யூட்டர் என் கணவர் செல்லப்பாண்டியுடையது. இவருக்குப் பூச்சிமருந்துக் கடை. கடைக்கு பில் போட வாங்கிய கம்ப்யூட்டர், மருந்துத் தூசி ஆகாது என்று வீட்டுக்கு வந்துவிட்டது. வீட்டில் அது செய்த ஒரே வேலை, இவரோடு சீட்டு விளையாடுவது. கம்ப்யூட்டரோடு இலவசமாக ஒரு மைக் வந்திருந்தது. கொக்குக் கழுத்து மாதிரி வளைந்து மானிட்டர் பக்கத்தில் நிற்கும். அதன் கழுத்தில் என் கொண்டை ரப்பர்களை மாட்டி வைப்பேன். அது மைக் என்பதே எங்கள் இரண்டு பேருக்கும் மறந்துபோயிருந்தது.

டேப்பையும் கம்ப்யூட்டரையும் இணைக்க ஒரு வயர் வேண்டும் என்று இவர் சொன்னார். தேனிக்குப் போனபோது ஒன்று வாங்கி வந்தார். அதன் ஒரு முனையில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு தலை. எங்கள் டேப்பில் இருந்தது ஒரே ஒரு ஓட்டை, காதில் மாட்டிக் கேட்கிற வயருக்கானது. “ரெண்டுல ஒண்ணச் சொருகிப் பாப்போம்” என்றார். ஒன்றும் சொருகவில்லை. அடுத்த நாள் போடிக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்தார். அது சரியான வயர், ஆனால் ஒரு முழ நீளம்தான். டேப்பைக் கம்ப்யூட்டர் மேஜைக்கு அடியில், தரையில், நான் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால்தான் எட்டும். இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்த மனிதர் நீளம் பார்க்கவில்லை. எனக்குக் கோபம் அங்கேயே அடுப்பேறிவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் ஆரம்பித்தோம். கம்ப்யூட்டரின் முதுகுப்பக்கம் போக என்னால்தான் முடியும், இவர் வயிறு மேஜைக்கும் சுவருக்கும் நடுவே போகாது. தவழ்ந்து போனேன்.

“வட்ட ஓட்டை மூணு இருக்கும். என்னென்ன கலருன்னு பாரு.”

“எல்லாம் ஒரே கலருதான். தூசி.”

“தொடச்சுப் பாரு.”

சேலைத் தலைப்பால் துடைத்தேன். “ரோஸு, பச்சை, நீலம்.”

“பச்சையில ஸ்பீக்கர் வயர் இருக்கும். நீலத்துல சொருகு. ரோஸ்ல ஏதும் இருக்கா?”

“ஒரு வயர் சொருகியிருக்கு.”

“அத விட்ரு. அது கம்ப்யூட்டரோட வயரு. தொட்டுறாத.”

தொடவில்லை. அது என் கொண்டை ரப்பர் மைக்கின் வயர்.

நீலத்தில் சொருகி டேப்பை ஓட விட்டேன். கம்ப்யூட்டரின் ஸ்பீக்கரில் சகுந்தலா டீச்சர் பாடினார். மேஜைக்கு அடியிலிருந்து கிளம்பிய குரல் மேஜைக்கு மேலே கேட்கிறதே! திரையில் பச்சைக் கோடுகள் பாட்டுக்குத் தகுந்த மாதிரி எகிறின. “பதியுது, பதியுது” என்றார் இவர், மருந்துக்கடைக்காரர் மாதிரி இல்லாமல் ராக்கெட் விட்டவர் மாதிரி. முதல் பாட்டு முழுக்க மூச்சு விடாமல் கேட்டோம். முடிந்ததும் அதை மட்டும் திருப்பிப் போட்டுப் பார்த்தோம். கிணற்றுக்குள்ளிருந்து பாடுவது போல லேசாக ஒரு எதிரொலி.

“என்னங்க, கிணத்துக்குள்ள பாடுன மாதிரி இருக்கு?”

“அதுதான் எக்கோ. கம்ப்யூட்டர்ல வந்தா அப்படித்தான் இருக்கும்.”

நம்பினேன். மிச்சம் ஐந்து பாட்டையும் அப்படியே ஓட விட்டோம். இரண்டாவது பாட்டு ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் எங்களுக்குள் சண்டையும் ஆரம்பித்தது. எதில் ஆரம்பித்தது என்று கேட்டால் சொல்ல முடியாது. மடியில் டேப், முதுகில் மேஜை, அடுப்பில் குக்கர், தலைக்கு மேலே சகுந்தலா டீச்சர். யாருக்குத்தான் பொறுக்கும்? இவர் ஒன்று சொல்ல, நான் ஒன்பது சொல்ல, கடைசியில் டேப்பை இவர் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். அன்று முழுக்க இவரோடு பேசவில்லை. பதிந்ததை இவரும் கேட்டுப் பார்க்கவில்லை. கோபத்தில் இருக்கும் மனிதர் மாற்றி மாற்றி நாலு பொத்தானை அமுக்கி சி.டி.யை எடுத்து, அதன் மேல் ‘ஆண்டுவிழா’ என்று எழுதி, சாமி படத்துக்குக் கீழே வைத்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். திங்கட்கிழமை அதைச் சகுந்தலா டீச்சரிடம் கொடுத்தேன். பள்ளியில் சி.டி. போட்டுக் கேட்க ஒன்றும் இல்லை. ஒத்திகை முழுக்கப் பழைய கேசட்டில்தான்.

ஆண்டுவிழா அடுத்த வாரம், பள்ளி மைதானத்தில். மாலை ஆறரை மணி, மலைக்குப் பின்னால் வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. முன்வரிசையில் நடுநாயகமாகத் தாளாளர் ஐயா, எழுபது வயது, பழைய ஏலக்காய்த் தோட்டக்காரர். அவருக்கு இடப்பக்கம் சகுந்தலா டீச்சர், பட்டுச்சேலையில். அதே வரிசையின் ஓரத்தில் என் கணவர். இவருக்குப் பக்கத்தில், சின்னமனூரிலிருந்து வந்திருந்த இவருடைய அக்கா நாகு மதினி. ‘நான் பழக்கிய பிள்ளைகள் ஆடுவதை வந்து பாருங்க’ என்று போன் போட்டு வரவழைத்தது வேறு யாருமில்லை, நான்தான்.

முதல் பாட்டு கடவுள் வாழ்த்து. சி.டி. அருமையாகப் பாடியது. சகுந்தலா டீச்சர் மேடை ஓரத்தில் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்துத் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பில் என் நிரந்தர ஆர்டரையே பார்த்துவிட்டேன்.

இரண்டாவது பாட்டு ‘மரம் நடுவோம்’. என் மூன்றாம் வகுப்பு. பதினாறு பிள்ளைகள், ஆளுக்கொரு வேப்பங்கன்று. நாலு வரி நன்றாகப் போனது. ஐந்தாவது வரியில் குக்கர் விசிலடித்தது.

கூட்டத்தில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன், பள்ளி மைதானத்தில் யார் சமைக்கிறார்கள் என்று. இரண்டாவது விசில் வந்தது. சகுந்தலா டீச்சரின் குரலுக்கு நடுவே, “அயிரை மீனேய்... அயிரே...” என்று ஒரு சத்தம் தெருவில் போனது. அந்தக் குரலை எனக்குத் தெரியும். சனிக்கிழமை சனிக்கிழமை எங்கள் தெருவில் வருகிற மீன்காரர்.

(என்ன நடந்தது என்பதைத் தேனியிலிருந்து வந்த கம்ப்யூட்டர்காரர் பிறகு விளக்கினார். நீல ஓட்டை சரிதானாம். ஆனால் எதிலிருந்து பதிய வேண்டும் என்று திரையில் ஒரு இடத்தில் டிக் போட வேண்டுமாம். டிக் மைக்கில் இருந்திருக்கிறது. பாட்டு ஸ்பீக்கர் வழியாக அறைக்குள் வந்து, அறையிலிருந்து அந்தக் கொண்டை ரப்பர் மைக்குக்குள் போயிருக்கிறது. கூடவே அறையில் கேட்ட மற்ற எல்லாமும்.)

குழாயில் என் குரல் வந்தது.

“ஒரு பக்க ஸ்பீக்கர்லதான் கேக்குது, ஒரு பக்கந்தான் கேக்குதுன்னா? நல்ல டேப்பு இருந்தா ரெண்டு பக்கமும் கேக்கும்! நல்ல டேப்ப எங்கன குடுத்தீக? உங்கக்கா வீட்டுக்குக் குடுத்தீக!”

“எங்கக்காவ ஏன் இப்ப இழுக்குற?” இது இவர்.

“இழுக்காம? வந்தா சும்மா போறாகளா? போன தடவ டேப்பு, அதுக்கு முந்தி மிக்சி. அடுத்த தடவ வாசக்கதவக் கழட்டிட்டுப் போவாக!”

பிள்ளைகள் ஆடிக்கொண்டே இருந்தன. பாட்டு என்ன ஆனாலும் ஆட்டம் நிற்கக் கூடாது என்று ஒரு மாதமாகப் பிரம்பை ஆட்டிப் பழக்கியவள் நான். ‘மழை வரும் பார்’ என்ற வரிக்குப் பதினாறு கையும் ஒரே நேரத்தில் நீண்டு முன்வரிசை ஓரத்தைக் காட்ட வேண்டும். காட்டின. அங்கே நாகு மதினி உட்கார்ந்திருந்தார்.

“கத்தாத, பாட்டு ஓடுதுல்ல” என்றது குழாயில் இவர் குரல்.

“பாட்டா இது? கோழியப் புடிச்சுக் கூடையில அமுக்குன மாதிரி இருக்கு! இதுக்கு ஒரு கம்ப்யூட்டரு, அதுக்கு ஒரு வயரு!”

சகுந்தலா டீச்சரின் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இன்று இதை எழுத நான் இருந்திருக்க மாட்டேன். மைக்செட்காரரை நோக்கி ஓடினேன். அவர் கன்னத்தில் கைவைத்து ரசித்துக்கொண்டிருந்தார்.

“நிப்பாட்டுங்க!”

“இருங்க டீச்சர், நாடகம் நல்லாப் போகுது.”

“அண்ணே, இது நாடகம் இல்ல, நிப்பாட்டுங்க!”

“புதுப் பெட்டி டீச்சர். எதை அமுக்குனா எது நிக்கும்னு இன்னும் பிடிபடல.” ஒரு பொத்தானை அமுக்கினார். சத்தம் கூடியது.

எனக்கு வந்த ஆத்திரத்தில் கையில் அகப்பட்ட வயரைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மேடை விளக்கு, மைதான விளக்கு எல்லாம் அணைந்தன. பாட்டு அணையவில்லை. கரண்ட்டை நம்ப முடியாது என்று மைக்செட்டை மட்டும் அவர் பேட்டரியில் ஓட்டிக்கொண்டிருந்தார்.

அதுவரை ஒரு கண்ணால் ஆட்டத்தைப் பார்த்தவர்கள், இப்போது இருட்டில் இரண்டு காதாலும் எங்களையே கேட்டார்கள். ஒரு இருமல் இல்லை. அந்த அமைதியில் என் கணவரின் குரல் நாலு திசையிலும் கேட்டது.

“இம்புட்டு வயித்தெரிச்சலோட அந்தப் பள்ளிக்கூடத்துக்கு ஏன் போற? மூணு வருசமாப் போயி என்னத்தக் கிழிச்ச?”

கொஞ்ச நேரம் ஆர்மோனியம் மட்டும். பிறகு நான்.

“கிழிச்சேன். இட்லி மாவு ஆட்டிக் கிழிச்சேன். தவளப் படம் வரஞ்சு கிழிச்சேன். வருசா வருசம் விண்ணப்பம் எழுதிக் குடுக்குறேன். தாளாளர் கையெழுத்துப் போட மாட்டேங்குறாராம், அந்தம்மா சொல்லுது. மேடையேறி ரெண்டு மணி நேரம் பேச மட்டும் அந்த மனுசனுக்குத் தெம்பு இருக்குல்ல? ஒரு கையெழுத்துப் போடக் கையில என்ன சுளுக்கா? நான் ஒழுங்கா வேல பாக்கல? சொல்லுங்க, நான் ஒழுங்கா வேல பாக்கல?”

கடைசி வார்த்தைகளில் குரல் உடைந்து அழுகையாகிவிட்டது. நான் அன்றைக்கு அழுதேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. கோபப்பட்டதாகத்தான் நினைத்திருந்தேன். கையில் பிடுங்கிய வயரோடு இருட்டில் நின்று, என் அழுகையை நானே நாலு குழாயில் கேட்டேன். பாதி ஊரும் உடன் கேட்டது.

பாட்டு முடிந்தது. யாரோ வயரை என் கையிலிருந்து வாங்கி மறுபடியும் சொருகினார்கள். விளக்கு எரிந்தபோது மேடையில் பதினாறு பிள்ளைகளும் வேப்பங்கன்றைத் தலைக்கு மேலே தூக்கி, ஒற்றைக்காலில், சிரித்த முகத்தோடு நின்றன. ஒன்றுகூட ஸ்டெப் தவறவில்லை.

தாளாளர் ஐயா எழுந்தார். கைத்தடியை ஊன்றி மெதுவாக மேடையேறினார். மைக்கைப் பிடித்து, கூட்டத்தைப் பார்க்காமல் முன்வரிசையைப் பார்த்தார்.

“சகுந்தலா, எந்த விண்ணப்பம்?”

டீச்சர் எழுந்து நின்றார். “அது... ஆபீஸ் ரூம்ல இருக்குங்கய்யா.”

“எத்தன?”

“மூணுங்கய்யா.”

“எங்கிட்ட ஒண்ணுகூட வரலயே. நாளைக்குக் காலையில மூணையும் வீட்டுக்குக் கொண்டு வாங்க.” பிறகு கூட்டத்தின் பக்கம் திரும்பினார். “ரெண்டு மணி நேரம் பேச இன்னைக்குத் தெம்பு இல்ல. விழா நடக்கட்டும்.”

கைதட்டல் எழுந்தது. அவருடைய நாற்பது வருட மேடை வாழ்க்கையில் அதுதான் பெரிய கைதட்டல் என்று பிறகு சொன்னார்கள். மிச்சமிருந்த நாலு பாட்டுக்கும் பழைய கேசட்டைப் போட்டார்கள். டேப் ஒன்றையும் தின்னவில்லை.

வீட்டுக்கு நடந்துபோகும்போது இவர் முதன்முதலாக வாயைத் திறந்து சொன்னது இது: “நீல ஓட்டைன்னு நான் சரியாத்தான் சொன்னேன்.” அதற்குப் பிறகு பதினோரு நாள் நான் இவரோடு பேசவில்லை. பன்னிரண்டாவது நாள் பேசியதற்கும் காரணம், கேஸ் சிலிண்டர் தீர்ந்துபோனதுதான்.

நாகு மதினி அன்றைக்கு எங்கள் வீட்டில் கை நனைக்காமல் சின்னமனூர் பஸ் ஏறிவிட்டார். அடுத்த வாரம் பஸ் கண்டக்டரிடம் ஒரு மூட்டை கொடுத்துவிட்டார். பிரித்தால், துண்டில் சுற்றிய நல்ல டேப். ஒரு வார்த்தை கிடையாது. இரண்டு வருடம் எங்கள் வாசல் மிதிக்கவில்லை. (மிக்சி வரவில்லை. அது என்னுடைய தாய்வீட்டுச் சீர் என்பதை மட்டும் இங்கே பதிவு செய்துகொள்கிறேன்.)

ஜூன் மாதம் என் வேலை நிரந்தரமானது. சகுந்தலா டீச்சரின் கீழ் இன்னும் ஐந்து வருடம் வேலை பார்த்தேன். அந்த ஐந்து வருடமும் அவர் என்னிடம் நேரடியாகப் பேசியதில்லை. நான் எதிரில் நிற்கும்போதே ஆயாவிடம், “மூணாங்கிளாஸ் டீச்சர வருகைப் பதிவேட்டக் கொண்டாரச் சொல்லு” என்பார். என் மூன்று வருடத்தை மேஜை இழுப்பறையில் போட்டுப் பூட்டி வைத்ததற்கு ஒரு வார்த்தை வருத்தம் சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் என் காது சூடாகிறது. ஆனால் அவர் அதற்குப் பிறகு பாட்டு எழுதவும் இல்லை, பாடவும் இல்லை. அதை நினைத்தால் வேறு மாதிரி இருக்கிறது. கோழி, கூடை என்று நான் சொன்னது அதிகம்தான். கடவுள் வாழ்த்து நன்றாகவே இருந்தது.

எனக்கு அடங்காத கோபம் ஊர் மேல்தான். மறுநாளிலிருந்து கடைத்தெருவில் பார்த்தவர்கள் எல்லாம், “டீச்சர், வயிறு வலிக்கச் சிரிச்சோம்” என்றார்கள். குக்கரைச் சொன்னார்கள், அயிரை மீனைச் சொன்னார்கள், வாசல்கதவைச் சொன்னார்கள். அந்த மூன்று விண்ணப்பத்தைப் பற்றி ஒருவர், ஒரே ஒருவர் கேட்டதில்லை. அழுகை நடிப்பு இல்லை என்பதாவது அவர்களுக்குப் புரிந்ததா என்று தெரியவில்லை.

இப்போது அந்த சி.டி. எங்கே கிடக்கிறதோ. தேவையும் இல்லை, எங்கள் குடும்பத்துக்கு அது மனப்பாடம். விசேஷம் என்று நாலு பேர் கூடினால், சாப்பாடு முடிந்து பாயில் சாய்ந்ததும் யாராவது, “அந்தப் பாட்டப் போடுங்க” என்பார்கள். இவர் கையைக் குவித்து விசிலடிப்பார், மீன்காரர் மாதிரிக் கூவுவார். நாகு மதினி, கோபமெல்லாம் தீர்ந்து வந்துவிட்ட நாகு மதினி, “வாசக்கதவக் கழட்டிட்டுப் போவாக!” என்ற என் வரியை என்னைவிட நன்றாகச் சொல்லி, கண்ணில் நீர் வரச் சிரிப்பார். அடுத்து விளக்கு அணைகிற இடம் வரும். அந்த இடம் வந்ததும் இவருக்குத் தாகம் எடுத்துவிடும். எழுந்து தண்ணீர் குடிக்க அடுக்களைக்குப் போய்விடுவார். ஒரு தடவையாவது அந்த வரியை இவர் வாயால் சொன்னது கிடையாது.

நான் விடுவதில்லை. தொண்டையைக் கட்டையாக்கிக்கொண்டு, இவர் குரலிலேயே, அடுக்களைக்குக் கேட்கிற மாதிரி சொல்வேன்: “மூணு வருசமாப் போயி என்னத்தக் கிழிச்ச?”

எல்லோரும் சிரிப்பார்கள். அடுக்களையில் சொம்பை வைக்கும் சத்தம் மட்டும் கேட்கும்.